விளம்பரத்தில் 29 இஞ்ச், ஹைட்ராலிக் பிரேக், வந்ததோ 27.5, கேபிள் பிரேக். பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?

வைகைக்கரை (கேள்வி)

ஆன்லைனில் 17,499 ரூபாய்க்கு வாங்கிய கியர் சைக்கிள். பக்கத்தில் போட்டிருந்தது: அலாய் ஃப்ரேம், 29 இஞ்ச் சக்கரம், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 21 கியர். வந்த சைக்கிளின் டயரில் 27.5 என்று இருக்கிறது, பிரேக்குக்குக் கம்பி ஓடுகிறது. ஃப்ரேம் மீதும் சந்தேகம். டெலிவரி ஆகி நான்கு நாள். புகார் போட்டால் ‘இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, பழுது இருந்தால் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்கிறார்கள். ‘படம் மாதிரிக்கு மட்டுமே, விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்’ என்று அடியில் பொடி எழுத்து வேறு. விற்பனையாளர் முகவரி லூதியானா, நான் மதுரை. எதிலிருந்து தொடங்குவது?

ஃப்ரீவீல்

முதல்ல வண்டியை ஓட்டுறதை நிறுத்துங்க. எதையும் கழட்டவோ மாத்தவோ வேண்டாம். சட்டம் தெரிஞ்சவங்க அப்புறம் வருவாங்க, நான் அளவு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

டயர்ல ‘27.5’ங்கிறதை மட்டும் நம்பாதீங்க. பக்கவாட்டுல 54-584 மாதிரி இன்னொரு எண் அச்சடிச்சிருக்கும். கோட்டுக்குப் பிறகு வர்ற மூணு இலக்கம்தான் டயர் ரிம்ல உட்கார்ற விட்டம், மில்லிமீட்டர்ல. 29 இஞ்ச்னா 622, 27.5னா 584, 26னா 559. இதுல வாதத்துக்கே இடம் இல்லை. அந்த எண் தெளிவா தெரியுற மாதிரி ஒரு படம், வண்டி முழுசும் தெரியுற மாதிரி ஒரு படம்.

ஹைட்ராலிக்னா லீவர்ல இருந்து காலிப்பர் (சக்கரத்துப் பக்கம் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பாகம்) வரைக்கும் ஆயில் உள்ள மூடின ஹோஸ், எங்கயும் கம்பி வெளிய தெரியாது. காலிப்பர் பக்கம் ஒரு சின்னக் கை அசைஞ்சு, அதுல கம்பியை போல்ட் வச்சு இறுக்கியிருந்தா அது மெக்கானிக்கல். ஆனா ஒண்ணு கவனிங்க: லீவர்ல இருந்து கம்பி வந்து, காலிப்பருக்குள்ள மட்டும் ஆயில் இருக்கிற கலப்பு வகையும் உண்டு. அப்படி இருந்தா ‘இதுவும் ஹைட்ராலிக்தான்’னு சொல்லித் தப்பிக்கப் பார்ப்பாங்க. அதனால காலிப்பரைக் கிட்ட வச்சு, மாடல் எண்ணோட படம் எடுங்க.

ஃப்ரேமுக்குக் காந்தம் போதும். அலாய்னா இங்க அலுமினியம், அதுல காந்தம் ஒட்டாது. கீழ்க்குழாய் நடுவுல வைங்க. போல்ட், சீட் கம்பம், முன் ஃபோர்க் இதெல்லாம் இரும்பா இருக்கலாம், ‘அலாய் ஃப்ரேம்’னு சொன்னதுல அது சேராது. குழாய்ல ஒட்டுச்சுன்னா பெயின்ட் எவ்வளவு தடிமனா இருந்தாலும் உள்ள ஸ்டீல்தான். வீடியோவா எடுங்க. அதே காந்தத்தை ஒரு அலுமினியப் பாத்திரத்துலயும் வச்சுக் காட்டிடுங்க.

கியர் எண்ணிக்கை முன் பல்சக்கரம் பெருக்கல் பின் பல்சக்கரம்: 3×7 இருந்தா 21, பின்னாடி ஆறுதான்னா 18. எடை அரை கிலோ கூடுதல், ஃப்ரேம் அளவு ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இதையெல்லாம் புகார்ல சேர்க்காதீங்க. பெடல் இல்லாம எடை போடுற வழக்கம் இருக்கு, ஃப்ரேம் அளக்குற முறையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பலவீனமான குறை ஒண்ணைச் சேர்த்தா பலமான மூணும் சேர்ந்து கெட்டுப்போகும்.

பெடல் அச்சு ஓடுற குழாய்க்கு அடியில ஃப்ரேம் நம்பர் பொறிச்சிருக்கும். அதையும் பில்லையும் படம் எடுத்து வைங்க. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல ஒட்டின லேபிளும் சாட்சிதான்.

படி எண் 7

ஃப்ரீவீல் சொன்னதோடு ஒன்று: விளம்பரப் பக்கத்தை இன்றே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், முகவரியும் தேதியும் தெரியும்படி. புகார் போனதும் பக்கத்தைத் திருத்திவிடுவது சாதாரணம். ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் பில்லிலும் பொருளின் பெயரோடு ‘29டி ஹைட்ராலிக்’ போல விவரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே முதல் ஆவணம், ஏனென்றால் அதை அவர்களால் பிறகு மாற்ற முடியாது.

சட்டத்துக்கு வருவோம். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்பது அவர்கள் கொள்கை. 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் 6ஆவது விதி, சந்தைத் தளத்தில் விற்பவரின் கடமைகளைச் சொல்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப எடுக்க மறுக்கவோ பணம் தர மறுக்கவோ கூடாது. இங்கே பழுது இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. உங்கள் சைக்கிள் ஒழுங்காக ஓடலாம். ஆனால் அது நீங்கள் வாங்கிய சைக்கிள் அல்ல. ‘விவரங்கள் மாறலாம்’ என்ற பொடி எழுத்தை வைத்து, 622 சக்கரம் என்று காசு வாங்கிவிட்டு 584 அனுப்பியதை நியாயப்படுத்துவது கடினம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும், 2(47) நியாயமற்ற வணிக நடைமுறையையும் வரையறுக்கின்றன. பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆப் சாட்டோடு நிறுத்த வேண்டாம். பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: ஆர்டர் எண், டெலிவரி தேதி, சொன்னது என்ன வந்தது என்ன, ‘பொருளை ஏற்க மறுக்கிறேன், எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் திருப்புங்கள்’, 15 நாள் கெடு. அந்த ‘ஏற்க மறுக்கிறேன்’ முக்கியம். 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 42படி, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். முறையாக மறுத்துவிட்டால், பிரிவு 43படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே பார்சல் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

விற்பனையாளரின் முழு முகவரியை எழுத்தில் கேட்டால் தளம் தர வேண்டும். அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், பிறகு நோட்டீஸ் அனுப்பத் தேவைப்படும்.

வைகைக்கரை

நன்றி, இருவருக்கும். காந்தம் கீழ்க்குழாயில் நன்றாகவே ஒட்டுகிறது. எண் 584. இரண்டு சந்தேகம். பெட்டியில் 85 சதவீதம் பூட்டியே வந்தது, மீதியை உள்ளூர் மெக்கானிக் பூட்டினார்; அதைக் காரணம் காட்டுவார்களா? இன்று ‘1,500 ரூபாய் கேஷ்பேக் தருகிறோம், அல்லது புது பீஸ் அனுப்புகிறோம்’ என்று போன் வந்தது.

ஃப்ரீவீல்

ஹேண்டில் பார், முன் சக்கரம், சீட், பெடல் பூட்டுறதால ஃப்ரேம் அலாய்ல இருந்து ஸ்டீலா மாறாது. கியர் சரியா விழலை, பிரேக் உரசுதுன்னு புகார் இருந்தாத்தான் ‘மெக்கானிக் தப்பு’ம்பாங்க. மெக்கானிக் கிட்ட தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கங்க: வந்த பாகங்களை மட்டும் பூட்டினேன், எதையும் மாத்தலைன்னு.

புது பீஸ் விஷயத்துல உஷார். அதே ஸ்டாக்ல இருந்து அதே 27.5தான் திரும்ப வரும். பாகம் மாத்தித் தர்றோம்னாலும் கேபிள் பிரேக்கை ஹைட்ராலிக்கா மாத்தலாம், அது லீவர், ஹோஸ், காலிப்பர்னு ஒரு செட் வேலை. ஆனா 27.5க்குச் செஞ்ச ஃப்ரேம்ல, ஃபோர்க்ல 29 சக்கரமும் டயரும் பொதுவா இடம் பத்தாது. ஸ்டீல் ஃப்ரேமை எதை மாத்தி அலாய் ஆக்குறது? அதனால உங்களுக்கு ரீஃபண்ட்தான் வழி.

படி எண் 7

கேஷ்பேக் வேண்டாம். ஆப்பில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் ‘பிரச்சினை முழுமையாகத் தீர்ந்தது’ என்று பதிவாகும், பிறகு ஆணையத்தில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். நீங்கள் கேட்காமலே கணக்கில் வந்து விழுந்தால், ‘இதைத் தீர்வாக ஏற்கவில்லை’ என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ‘விவரித்தபடி இல்லை’ என்ற காரணத்தில் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்குத் தனிக் கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. யுபிஐயில் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த வழியை நம்பாதீர்கள்.

மாசி வீதி

15 நாள் கெடு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 1915க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, நிறுவனத்திடம் எடுத்துச் செல்ல மட்டுமே முடியும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லூதியானா போக வேண்டியதில்லை: பிரிவு 34படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாகவும் தாக்கல் செய்யலாம். எதிர் தரப்பு 1 விற்பனையாளர், 2 தளம். இரண்டையும் சேருங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

இணைக்க வேண்டியவை: பில், விளம்பரப் பக்கம், படங்கள், மின்னஞ்சல்கள், நோட்டீஸின் ஸ்பீடு போஸ்ட் ரசீது, உறுதிமொழிப் பத்திரம். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63(4) சான்றும், அதாவது மின்னணுப் பதிவுக்கான சான்றும், சேர்த்துவிடுங்கள். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தில் 65பி என்றிருந்ததுதான், 2024 ஜூலையிலிருந்து இது.

எதிர் தரப்புக்குப் பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆய்வுக்கூடச் சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்துக்குள், சோதனை வேண்டியதை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்கிறேன், மனுவில் 584ஐயும் பிரேக்கையும் முன்னால் வையுங்கள், ஃப்ரேமைக் கடைசியில். முதல் இரண்டும் கண்ணால் பார்த்தாலே தெரியும். உலோகம்தான் முக்கியக் குறை என்று எழுதினால் ‘ஆய்வுக்கு அனுப்புங்கள்’ என்று எதிர் தரப்பு நாள் கடத்தும்.

கேட்க வேண்டியது விலை, வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. 17,499 ரூபாய் சைக்கிளுக்கு ஐந்து லட்சம் நட்டஈடு கேட்டால் மனு மேலேயே நம்பிக்கை போகும். காலவரம்பு இரண்டு வருடம்.

பக்கத்து ஊர்

இடையில் ஒரு கேள்வி. இதே மாதிரி, பழைய சைக்கிளைத் தனி ஆளிடம் விளம்பரம் பார்த்து வாங்கினால்?

மாசி வீதி

தன் பழைய சைக்கிளை விற்கும் தனி ஆள் வியாபாரி இல்லை, நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது. பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 15, விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது, அங்கும் பொருந்தும். ஆனால் சிவில் நீதிமன்றம் போக வேண்டும், செலவுக்குக் கட்டுப்படியாகாது. காசு கொடுப்பதற்கு முன்பே காந்தத்தோடு போய், டயர் எண்ணைப் பார்த்து, ஃப்ரேம் நம்பர் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், விலை பேசாமல் வந்துவிடுங்கள்.