மட்டக்களப்பில் மூழ்கிய கப்பல்களைப் படமெடுக்கப் போகிறேன், முதலில் எதை வாங்குவது?

உப்புக்கண்ணாடி எழுதியது:

வணக்கம். போன வருடம் புதுச்சேரியில் ஓபன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் பயிற்சியை முடித்தேன், இதுவரை 16 டைவ். ஜூலையில் பத்து நாள் இலங்கை போகிறேன், அதில் நாலு நாள் மட்டக்களப்பு. பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலைப் பார்க்க வேண்டும், முடிந்தால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியையும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942 ஏப்ரலில் மெட்ராஸே காலியாகி, எங்கள் தாத்தா குடும்பம் தட்டுமுட்டுச் சாமானோடு கும்பகோணத்துக்கு ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே வாரம் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள் அவை என்று தெரிந்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

பிரச்சினை என் படங்கள். கையில் ஒரு ஆக்‌ஷன் கேமராவும், ஹவுசிங் (தண்ணீர் புகாத கூடு) போட்ட பழைய காம்பாக்ட் கேமராவும் இருக்கின்றன. கடைசி டைவில் ஒரு களவா மீன் என் எதிரே ஆடாமல் அசையாமல் நின்றது. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் பாசி பிடித்த தொட்டியில் செங்கல் கிடப்பது போல இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் படம் முழுக்க ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. போதாததற்கு இரண்டாவது டைவில் ஹவுசிங் கண்ணாடி உள்ளே பனி மூடிவிட்டது.

30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சிவப்பு ஃபில்டரா, ஸ்ட்ரோபா (தனியே மாட்டும் ஃபிளாஷ்), டார்ச்சா?

கல்லடிப்பாலம் எழுதியது:

ஜூலை நல்ல காலம் தம்பி. எங்கட பக்கம் சித்திரை கழிந்தால் புரட்டாசி வரைக்கும் கடல் அமைதி, பிறகு வாடைக்காற்று தொடங்கினால் படகு இறங்காது. காலையில் வெள்ளென வெளிக்கிட வேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் திரும்பி வரும்போது குடல் வாய்க்கு வந்துவிடும்.

கேமராவை ஒரு பக்கம் வையுங்கோ. ஹெர்மிஸ் உங்களுக்கு இல்லை. கோபிக்க வேண்டாம், நானும் பத்து வருடமாகச் சுழியோடுகிறேன், எனக்கும் இரண்டு வருடம் முந்தித்தான் அது கிடைத்தது. அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. ஓபன் வாட்டர்காரருக்கு 18 மீட்டர், அதுக்கு அடுத்த அட்வான்ஸ்டு பயிற்சிக்கு 30, பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் கடைசி எல்லையே 40. அதுக்குக் கீழே சாதாரணக் காற்றில் போனால் நைட்ரஜன் மயக்கம் தலைக்கேறும், மேலே வரும்போது படிப்படியாக நின்று நின்று வர வேண்டும், ஒரு சிலிண்டர் போதாது. அதுக்கென்று தனிப் பயிற்சி இருக்கு. "பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போறம்" என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

இன்னொன்று. 1942 ஏப்ரல் 9 காலையில் திருகோணமலையில் குண்டு விழுவதற்கு முந்தின இரவே ஹெர்மிஸ் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டது. தட்டில் தன்னுடைய விமானம் ஒன்றுகூட இல்லை. 300 பேருக்கு மேல் அதோடு போய்விட்டார்கள். விட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் ஐந்நூறு பேருக்கு மேல் தப்பினார்கள். இன்றைக்கும் அது ஒரு புதைகுழிதான். அந்த நினைப்போடு போகிறவன்தான் அங்கே படமெடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் அதே நாள் மூழ்கின எண்ணெய்க் கப்பல். அடி 25 மீட்டருக்குக் கிட்ட. அதுவும் உங்கள் ஓபன் வாட்டர் அட்டையின்படி ஆழம்தான், வந்து இரண்டு நாளில் அட்வான்ஸ்டு முடித்துக்கொண்டு போகலாம். உள்ளே நுழையவே வேண்டாம். துருத் தகடு, அறுந்த வலை, தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) எல்லாம் தொங்கும், நல்ல கத்தி ஒன்று கட்டிக்கொள்ளுங்கோ. பாரை மீன் கூட்டம் சுற்றும், ஓட்டைக்குள் அஞ்சாலை மீன் தலை நீட்டும், மேலே சீலா மீன் நிற்கும். கையை எங்கேயும் ஊன்றாதையுங்கோ, சிங்க மீனும் கல் மாதிரிக் கிடக்கிற விஷ மீனும் இருக்கு.

முத்துநகர் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. நான் கேமரா பக்கம் வருகிறேன்.

தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே வெளுக்கத் தொடங்கி, பத்தைத் தாண்டினால் ஆரஞ்சும் போகும், இருபதில் நீலமும் பச்சையும்தான் மிச்சம். சிவப்பு ஃபில்டர் புது நிறத்தை உண்டாக்காது, இருக்கிற பச்சையைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். வெயில் நன்றாக இறங்குகிற பத்துப் பதினைந்து மீட்டர் ஆழக் கடலடிப் பாரில் அழகாக இருக்கும். 25 மீட்டர் கப்பலில் மீட்டெடுக்கச் சிவப்பே கிடையாது, படம் இருட்டுவதுதான் மிச்சம். டார்ச் அடிக்கும்போது ஃபில்டரைக் கழற்ற மறந்தீர்களானால் எல்லாம் குங்குமம் கொட்டியது போல வரும். நான் ஒரு முழு டைவை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

ரவை விஷயம்: ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இடையில் மிதக்கிற தூசியெல்லாம் வெளிச்சத்தை நேரே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறது. மழையில் பைக் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் முன்னால் துளிதானே தெரியும், அதே கதை. வெளிச்சத்தை ஒரு கை நீளத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய், கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள், மீன் மேல் ஒளியின் ஓரம் பட்டால் போதும். ஆக்‌ஷன் கேமராவுக்கு ஸ்ட்ரோப் வேலைக்காகாது, அதற்கு வீடியோ டார்ச்தான். காம்பாக்டில் ஃபிளாஷ் இருப்பதால் ஃபைபர் கேபிள் வழியாக ஒரு பழைய ஸ்ட்ரோபை இயக்கலாம், உங்கள் காசில் ஒன்று கிடைக்கும்.

ஆனால் எதை வாங்கினாலும் வெளிச்சம் உருப்படியாகப் போவது ஒரு மீட்டர்தான். களவா எவ்வளவு தூரத்தில் நின்றது? மூன்று மீட்டரா? அப்படியானால் எந்தக் கேமராவும் காப்பாற்றாது. கிட்டே போங்கள், போனது போதும் என்று தோன்றியபின் இன்னும் கொஞ்சம் போங்கள். முழுக் கப்பலுக்கு டார்ச் அடிக்க யாராலும் முடியாது. அதற்கு விளக்கை அணைத்துவிட்டு, கீழேயிருந்து மேல் நோக்கி, வெயிலுக்கு எதிரே நிழலுருவமாக எடுங்கள், அப்புறம் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். இரும்பு அதில்தான் இரும்பாகத் தெரியும்.

பனி மூடுவது ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடுவதால். ஏசி அறையில் மூடுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே போடுங்கள், படகில் வெயிலில் காயவிடாமல் ஈரத் துண்டில் சுற்றி வையுங்கள்.

மூச்சுக்காற்று எழுதியது:

எல்லாரும் அவர் காலில் மாட்டும் துடுப்பை மறந்துவிட்டீர்கள். 16 டைவ் போட்டவர் மேலும் கீழும் கால் உதைத்தால் பத்து நொடியில் அடிச்சேறு கிளம்பி, பின்னால் வருகிறவர் ஒன்றும் பார்க்க முடியாது. அந்த ரவையில் பாதி அவரே கிளப்பியதாக இருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவளை உதை பழகுங்கள். முதல் இரண்டு டைவுக்குக் கேமராவையே எடுக்காதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே சிலிண்டரைக் காலியாக்கியவர்களை இழுத்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். 25 மீட்டரில் முதல் டைவுக்கு, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் டைவ் டேபிள் தருவது 29 நிமிடம், உங்கள் மூச்சுக்கு அதற்கு முன்பே காற்று தீரும். 30,000 ரூபாயைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

முத்துநகர் எழுதியது:

கேமரா இல்லாமல் போகச் சொன்னால் யார் கேட்பார்கள்? பேருக்கு ஆக்‌ஷன் கேமராவை வீடியோவில் ஓடவிட்டு மார்பில் மாட்டிக்கொள்ளட்டும், கை சும்மா இருக்கும். மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

கல்லடிப்பாலம் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. கடைசிச் சுழியோட்டத்துக்குப் பிறகு 18 மணித்தியாலமாவது பொறுத்துத்தான் பிளேன் ஏற வேண்டும். கொழும்புக்கு பஸ்ஸில் வருகிற நேரத்தை அதில் கழிக்கலாம்.

உப்புக்கண்ணாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஹெர்மிஸை விட்டுவிட்டேன். அட்வான்ஸ்டு அங்கேயே முடிக்கிறேன், மிச்சக் காசில் ஒரு வீடியோ டார்ச், அதை மாட்ட நீளமான கைத்தண்டு. களவா நின்றது இரண்டரை மீட்டர் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை மூடி, மேலே கல் வைத்து, பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைத்தேன். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர். ஓ-ரிங்கை (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம்) எடுத்துப் பார்த்தால் குறுக்கே ஒரு நீள முடி. நான் மொட்டை. மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.