அக்டோபரில் வீட்டுக்காரர் ரிடையர் ஆகிறார்: மாடித்தோட்டத்தை இருவருமாக எப்படித் தொடங்குவது?

மடிப்பாக்கம்_மல்லி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 31-ஆம் தேதி வீட்டுக்காரர் ரிடையர் ஆகிறார். நவம்பர் 1 முதல் இரண்டு பேரும் முழுநேரமும் வீட்டில்தான். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். சென்னை மடிப்பாக்கத்தில் மாடி வீடு, மேலே சுமார் 600 சதுர அடி மொட்டைமாடி. இருவரும் சேர்ந்து செய்கிற மாதிரி தோட்டம் போடலாம் என்று ஆசை. எனக்கு முட்டிவலி, குனிந்து வேலை செய்ய முடியாது. அவர் நன்றாகத் தூக்குவார், ஆனால் செடி வேலை அவருக்குப் புதிது. போர் தண்ணீரில் கொஞ்சம் உப்பு உண்டு. எத்தனை செடிப் பையில் ஆரம்பிக்கலாம், மழைக்காலத்தில் என்ன போடலாம், மாடி தாங்குமா, வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாள் முழுக்க இருவரும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் உரசல் வருமே, அதை எப்படிச் சமாளிப்பது?

மொட்டைமாடி_உழவர்:

வாழ்த்துகள் அம்மா. 12 பை போதும். ஆர்வத்தில் 40 பை வைத்தால் மாசி வரைக்கும் பச்சைப்பசேல் என்று இருக்கும். சித்திரை பிறந்ததும் தினம் இருவேளை 40 பைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டி வரும். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். அந்த மே மாதத்தை மனதில் வைத்தே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

12×12 அங்குலப் பை வாங்குங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் ஒன்று ஏறக்குறைய 17 லிட்டர் கொள்ளும். அளவுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். 12 பைக்கு மூன்றரை வாளி செம்மண், மூன்றரை வாளி ஊறிய தேங்காய்நார்க் கழிவு, மூன்றரை வாளி மண்புழு உரம். 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தாலே அவ்வளவு நார்க்கழிவு கிடைக்கும். கலவை முழுவதற்கும் 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு.

கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிடாதீர்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், அதில் உப்பும் இருக்கும். பிழிந்து கொட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அலசாத நார்க்கழிவில் நாற்றின் இலை நுனி கருகும், ஆனால் பழி விதை விற்றவர் மேல் போகும். கலவையை ஈரமாக நிழலில் 10 நாள் மூடி வைத்த பிறகு நடுங்கள்.

நவம்பர் மழையில் கீரை விதைக்க வேண்டாம். சாரல் அடித்து விதை ஒரு மூலையில் போய்க் குவியும், முளைத்ததும் அழுகும். அதற்குப் பதில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் (சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) போட்டு சன்ஷேட் அடியில் வையுங்கள். 25, 30 நாளில் நாலைந்து இலை வந்திருக்கும். டிசம்பர் முதல் வாரம் மழை இடைவெளி பார்த்து மாலையில் எடுத்து நடலாம். தக்காளியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொங்கல் கழித்து நட்டால் பூக்கும் சமயம் வெயில் ஏறி, இரவுச் சூடும் கூடி, காய் பிடிக்காமல் பூவாகவே கொட்டும். கீரையும் முள்ளங்கியும் மழை விட்டதும் போடலாம். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும்.

வேலைப் பங்கீடு: மண் கலப்பது, பை நகர்த்துவது, மருந்து அடிப்பது சாரிடம் இருக்கட்டும். குழித்தட்டு, கிள்ளுவது, கொடி கட்டுவது, பறிப்பது உங்களிடம். இரண்டரை அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஆறு பையை வைத்தால் ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

வரும் ஆடிப்பட்டத்தில் பீர்க்கு, சுரை, பரங்கி போடும்போது ஒரு வேலை இருவருக்கும் பிரியும். மாடியில் வண்டு, தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால் பிஞ்சு மஞ்சளாகிச் சூம்பி விழும். அப்போது கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல வீங்கியிருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக இரண்டு மூன்று முறை ஒற்றி எடுங்கள். மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும். பரங்கி விடியலில் விரியும், காலை 8 மணிக்குள் முடிக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் விரியும். காலைப் பூ ஒருவருக்கு, மாலைப் பூ ஒருவருக்கு.

கட்டடப்_பார்வை:

மாடி தாங்குமா என்றதற்கு மட்டும் பதில். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு இந்தியத் தரக் குறியீட்டில் சொல்லப்படும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. மழையில் நனைந்த பை ஒன்று 20 கிலோ வரை போகும். இரண்டடிக்கு ஒன்றாக வைத்தால் சதுர மீட்டருக்கு 55 கிலோ அளவில்தான் வரும். நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளத்துக்கு இது பிரச்சினை இல்லை. சீலிங்கில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது என்றால் ஒரு பொறியாளர் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

தப்பு நடப்பது தண்ணீர் டிரம்மில். 200 லிட்டர் டிரம் என்றால் 200 கிலோ, அதுவும் ஒரே புள்ளியில். அதை ஹாலுக்கு நேர் மேலே நடுவில் வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்தில் வையுங்கள்.

பையை நேரடியாகத் தரையில் வைத்தால் அடியில் ஈரம் காயாது. மாடியில் பதித்த தட்டு ஓடுகளின் இணைப்பில் பாசி பிடிக்கும், பிறகு வேர் இறங்கும், கீழே ஓதம் தெரியும். செங்கல்லோ ஸ்டாண்டோ கொடுத்து இரண்டு அங்குலமாவது தூக்குங்கள். மழைநீர் இறங்கும் பைப் வாயில் வலை போடுங்கள். நார்க்கழிவு போய் அடைத்தால் வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் மாடி குளமாகிவிடும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை நிழல்வலையைக் கழற்றுவது. பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். 2016 டிசம்பரில் வர்தா அடித்த காற்றைப் பார்த்த ஊர் இது. ஸ்டாண்டில் உள்ள பைகளைக் கீழே இறக்கிக் கைப்பிடிச்சுவர் ஓரம் ஒட்டி வைத்துவிடுங்கள்.

திண்ணை_நாகரிகம்:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உரசல் பெரும்பாலும் அடுக்களையில்தான் ஆரம்பிக்கும். முப்பது வருஷமாக ஒருவர் கையில் இருந்த இடத்துக்குள் இன்னொருவர் வந்து "இந்த டப்பா ஏன் இங்கே இருக்கு" என்று கேட்பார். அவரைப் பொறுத்தவரை அது உதவி. அதனால் "கூட மாட ஒத்தாசை" என்று எதையும் கொடுக்காதீர்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை அவர் பொறுப்பிலேயே இருக்கிற ஒரு முழு வேலையைக் கொடுங்கள். அதில் நீங்கள் கருத்துச் சொல்லாமல் இருப்பது உங்கள் பங்கு.

அப்படி ஒரு வேலை: வீட்டுக் குப்பையில் உரம். மூடி போட்ட 20 லிட்டர் வாளி இரண்டு. அடியிலும் பக்கவாட்டிலும் பென்சில் தடிமனில் 20 துளை. அடியில் இரண்டு அங்குலம் காய்ந்த இலை. தினமும் ஒரு கிண்ணம் காய்கறித்தோல் போட்டால் அதன்மேல் ஒன்றரைக் கிண்ணம் காய்ந்த இலையோ நார்க்கழிவோ. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். நிறைந்தது ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்து உதிரியாகிவிடும். கெட்ட வாடை அடித்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேருங்கள். எறும்பு மொய்த்தால் ரொம்பக் காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். நெளிகிற புழுவைப் பார்த்துக் கொட்டிவிடாதீர்கள், அது மக்கவைக்க வந்ததுதான். சாம்பார் சாதம், எண்ணெய்ப் பண்டம், மீன் முள் மட்டும் வேண்டாம். தோல் உங்கள் கையிலிருந்து போகிறது, உரம் அவர் கையிலிருந்து வருகிறது. இடையில் இருவருக்கும் தினம் ஒரு பேச்சு கிடைக்கிறது.

நேரத்தையும் பிரியுங்கள். காலை 6 முதல் 7.30 வரை மாடியில் சேர்ந்து. 10 முதல் 12 வரை தனித்தனி அறையில் அவரவர் வேலை, குரல் கொடுக்காமல். மதியத் தூக்கம் உங்களுக்கு வழக்கம் என்றால் அந்த ஒரு மணி நேரம் டிவி கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். அவருக்கென்று ஒரு மேசை, ஒரு இழுப்பறை வேண்டும். ஆபீஸ் மேசை போன பிறகு சாப்பாட்டு மேசை முழுக்கப் பேப்பராகப் பரவுவது அது இல்லாததால்தான்.

வாரத்தில் ஒரு நாள் ஒருவர் தனியாக வெளியே போய் வாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் உங்களுக்குப் பயணம் இலவசம். அவருக்கு 60 முடிந்திருந்தால் மாநகரப் பேருந்தில் இலவசப் பயணத்துக்கு மாதம் 10 டோக்கன் கிடைக்கும். மார்கழியில் பல இசை சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசம். அங்கே சேர்ந்தே போகலாம்.

மடிப்பாக்கம்_மல்லி:

ரொம்ப நன்றி. உரவாளி யோசனையை அவரிடம் சொன்னேன், துளை போட டிரில் தேடிக்கொண்டிருக்கிறார். போர் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே? மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது?

மொட்டைமாடி_உழவர்:

விட்டுப்போய்விட்டது, மன்னிக்கவும். பையின் விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். சுரண்டி எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை மழைநீரோ மெட்ரோ வாட்டரோ பைக்கு 10 லிட்டர் மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக நன்றாக வடியவிடுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, பிடித்து வைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். வாளியில் பிடித்த எதையும் திறந்து வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் கொசு வந்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு 1 லிட்டர் தண்ணீரில் முதலில் காதி சோப்புக் கரைசல் அரை ஸ்பூன், நுரை வரக் கலக்கி, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலிலேயே எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், ஸ்பிரேயரில் கடைசியாக வெறும் எண்ணெய் வந்து இலையைச் சுட்டுவிடும். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பை நிறுத்தாமல் மருந்து அடித்துப் பயனில்லை.

நாரை_நடை:

தோட்டம் காலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மடிப்பாக்கத்தில் இருக்கிறீர்கள், பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே. உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 6.30-க்குப் போனால் கூழைக்கடா, தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி எல்லாம் பார்க்கலாம், பூநாரையும் வரும். சாலையோரம் நின்றே பார்க்க முடியும், முட்டிக்குச் சிரமம் இல்லை. மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்கள். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். கழுத்துப் பட்டைக்குப் பதில் தோளில் குறுக்காக மாட்டும் பட்டை வையுங்கள், முக்கால் கிலோ கழுத்தை இழுக்காது. கண்ணாடி போடுபவர் கண்வளையத்தை உள்ளே திருகி இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரே பைனாகுலரில் இருவர் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வலக்கண் பக்கம் இருக்கும் சின்ன வளையம் ஒவ்வொருவர் பார்வைக்கும் வேறு இடத்தில் நிற்கும். வீட்டிலேயே எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். முதலில் இடக்கண்ணால் மட்டும் நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள், பிறகு வலக்கண்ணால் மட்டும் அந்த வளையத்தைத் திருகுங்கள். நின்ற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. அவருக்கு வேறு நிறத்தில் இன்னொரு புள்ளி.