சித்தப்பா குரூப்: கோதுமை போட்ட பர்பன் (அமெரிக்க விஸ்கி)

நான்: சித்தப்பா இங்க கென்டக்கில லூயிவில் கடையில வெல்லர் பர்பன் இல்லவே இல்ல, வந்த அன்னிக்கே தூக்கிட்டு போயிடுறாங்களாம். அதுக்கு பதிலா மேக்கர்ஸ் மார்க் பர்பன் வாங்கிட்டேன் பரவால்லயா

சித்தப்பா: நல்லதுதான்டா வாங்கிருக்க. அதுவும் கோதுமைதான் இதுவும் கோதுமைதான், வெல்லர் பின்னாடி ஓடாத

அண்ணா: கோதுமையா? பர்பன்னா மக்காச்சோளம்தானே

சித்தப்பா: சோளம் 51 சதவீதத்துக்கு கொறையக்கூடாது, அது சட்டம். மிச்சத்துல மால்ட் பார்லி, அதாவது முளைகட்டின பார்லி கொஞ்சம், அப்புறம் முக்காவாசிப் பேரு ரைங்கற தானியம் போடுவாங்க, அந்த ரைதான் மிளகு கடிச்ச மாதிரி நாக்குல சுருக்குனு ஏறும். மேக்கர்ஸ் மார்க்ல ரையே கெடையாது, 70 சோளம் 16 கோதுமை 14 பார்லி

அண்ணி: அப்ப கோதுமைதான் இனிப்பு குடுக்குதா மாமா

சித்தப்பா: அப்டிதான்மா நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது சரியா படல. தானியத்துல இருக்கற சக்கரை எல்லாம் நொதிச்சு ஆல்கஹாலா போயிடும், காய்ச்சி வடிக்கும்போது சக்கரை மேல ஏறாது. நமக்கு இனிப்பா தெரியறது பாதிக்கு மேல வாசனைதான், வெனிலா கேரமல் எல்லாம் உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்ல இருந்து வருது. கோதுமை குறுக்க வராம ஒதுங்கி நிக்குது, அதான் சோளமும் மரமும் நல்லா தெரியுது

அண்ணா: ஐஸ் போடலாமா

சித்தப்பா: மொதல்ல வேணாம்டா ப்ளீஸ். கிளாஸ்ல ஊத்தி பத்து நிமிஷம் விடு, வாயை லேசா தொறந்துகிட்டு மோந்து பாரு இல்லன்னா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். மொத வாய் சும்மா நாக்கு பழகறதுக்கு, ரெண்டாவது வாய்லதான் ருசியே

நான்: மோந்தேன். வெனிலா, அப்புறம் பேக்கரி வாசல்ல நிக்கற மாதிரி ஒரு வாசனை

சித்தப்பா: அட அதேதான்!! மேக்கர்ஸ் மார்க்கை ஆரம்பிச்ச பில் சாமுவேல்ஸ் 1953ல லொரெட்டோங்கற ஊர்ல அந்த விஸ்கி காய்ச்சற டிஸ்டில்லரிய வாங்கினப்போ ஒவ்வொரு கலவையா காய்ச்சி வருஷக்கணக்கா ஊறவச்சு பாக்க நேரமில்லன்னு அதே தானியத்துல ரொட்டி சுட்டு ருசி பாத்தாராம், அங்க டூர் போனா இந்த கதையை சொல்லுவாங்க. பாட்டில் மூடி மேல இருக்கற அந்த செவப்பு மெழுகு அவர் மனைவி மார்ஜி யோசனை, இன்னிக்கும் கையாலதான் முக்கி எடுக்கறாங்க

அண்ணி: குடிச்சிட்டேன் மாமா. தொண்டையில எரியல, நெஞ்சுல மட்டும் கதகதன்னு இருக்கு

சித்தப்பா: அதைத்தான் இங்க கென்டக்கி ஹக்னு சொல்வாங்க. 45 சதவீதம்மா, மெதுவா இருக்குன்னு வேகமா குடிச்சிடாத, இப்ப நாலு சொட்டு தண்ணி விட்டு பாரு

அண்ணா: தண்ணி விட்டதும் எனக்கு மரவாசனை கொறஞ்சு பழவாசனை வருது, செர்ரி மாதிரி

நான்: எனக்கு தண்ணி இல்லாமதான் புடிச்சுது

சித்தப்பா: ரெண்டும் சரிதான். சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க, ரை போட்ட பர்பன் ஒண்ணும் லார்செனின்னு இன்னொரு கோதுமை பர்பனும் இருக்கு, மேக்கர்ஸ் மார்க்கையும் சேத்து பேரை மறைச்சு மூணையும் வரிசையா ஊத்தித் தரேன், எது ரைன்னு கண்டுபுடிங்க. யாரும் கார் எடுத்துட்டு வராதீங்க, ராத்திரி இங்கயே தங்கிக்கலாம்

அண்ணி: சுண்டல் நான் கொண்டு வரேன் மாமா

சித்தப்பா: கொண்டு வாம்மா, மிளகா மட்டும் கம்மியா போடு