டேக்: குறிச்சொல்லா, அடையா?

நண்பர்களே, வணக்கம். குறிப்பெழுதும் செயலி ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். குறிப்புகள் எல்லாம் வெறும் உரைக் கோப்புகள்தான். வரியின் கடைசியில் #செலவு, #மருந்து என்று எழுதிவிட்டால் பிறகு தேடி எடுக்கலாம். இந்த டேக்கைக் 'குறிச்சொல்' என்று போட்டேன். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியின் டேக்குக்கும் அதே சொல் புழங்குவதால் குழப்பம் வரும் என்று குழுவில் ஒருவர் தடுக்கிறார். என்ன போடலாம்?
– கோவையிலிருந்து

தம்பி, 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்பது தொல்காப்பியம். குறிக்காத சொல் ஏது, குறிச்சொல் என்று தனியாகச் சொல்ல? 'அடை' என்று வையுங்கள். செந்தாமரை என்றால் வெண்தாமரை விலகுகிறது. அது இனச்சுட்டுள்ள அடை. செஞ்ஞாயிற்றில் அப்படி எதுவும் விலகுவதில்லை. எல்லாக் குறிப்பிலும் #முக்கியம் என்று ஒட்டுகிறவர்கள் செஞ்ஞாயிறுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கணம் இதை அன்றே பிரித்துவிட்டது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, செஞ்ஞாயிறு அருமை. ஆனால் பொத்தானில் 'அடை சேர்' என்று பார்த்தால் எங்கள் வீட்டில் அவியல் எங்கே என்பார்கள். 'ஒட்டு' சரிவருமா?
– மதுரை

'ஒட்டு' என்றால் ஒட்டுமாங்கன்று நினைவுக்கு வருகிறது. தேர்தல் நேரத்தில் கேட்கவே வேண்டாம். 'சிட்டை' நல்ல சொல், ஆனால் எங்கள் பக்கம் அது கடையில் தரும் பில்.
– யாழ்ப்பாணம்

பெயர் எதுவானாலும் சரி, முதலில் வழுவைப் பாருங்கள். #செலவு என்று எழுதினால் செயலி '#ச' என்று வெட்டிவிடுகிறது. பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான தேடுகோவை (regex) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. 'ச' தாண்டியதும் சொல் முடிந்துவிட்டதாக நினைக்கிறது. செலவும் சேமிப்பும் சாப்பாடும் ஒரே '#ச'வில் கிடக்கின்றன.
– நிரலர்

வழுவைச் செயலியை எழுதியவர்களிடம் தெரிவித்துவிட்டேன். சொல்லைப் பொறுத்தவரை, வலைப்பதிவு காலத்திலிருந்தே பழகிய 'குறிச்சொல்' போதும் என்றுதான் தோன்றுகிறது. அதையே வைக்கிறேன். ஐயா மன்னிக்கவும்.
– கோவை

மன்னிக்க என்ன இருக்கிறது, வையுங்கள். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரல், பன்மை வரும் இடத்தில் 'கள்' மட்டும் ஒட்டிக் 'குறிச்சொல்கள்' என்று காட்டப்போகிறது. 'அடைகள்' என்றால் அந்தத் தொல்லையே இல்லை.
– த. ஆ.