சம்பள விஷயத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பகிரலாம்

இடைநிலை வாத்தியார்
2009 கதையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை: அந்த ஆண்டு ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்குத் தொடக்க ஊதியத்தைக் குறைத்து வைத்த கதைதான். நான் ஜூன் 1க்கு அப்புறம் பணியில் சேர்ந்தவன், பக்கத்து வகுப்பு அக்கா அதற்கு முன்னால் சேர்ந்தவர். ஒரே படிப்பு, ஒரே வேலை. அவருக்குத் தொடக்க ஊதியம் 8370, எனக்கு 5200. அதோடு சேரும் தர ஊதியம் 2800 மட்டும் இருவருக்கும் ஒன்று. வீட்டுக் கடனுக்காக ஒரே நாளில் வங்கிக்குப் போனோம். மேலாளர் இரண்டு சம்பளச் சிலிப்பையும் அருகருகே வைத்தார். பேனா முனை என் அடிப்படை ஊதியத்தில் நின்றது. குரலைத் தாழ்த்தி, “சார், நடுவில் சஸ்பென்ஷனில் ஏதாவது இருந்தீங்களா?” என்றார். அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூரிகை
உங்களுக்காவது சிலிப் வருகிறதே சார். நான் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012இல் 5000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அந்தக் கூட்டம். வாரத்துக்கு மூன்று அரை நாள். ஏறி ஏறி 2024இல் 12,500 வரை வந்தது, அப்போதும் மே மாதம் பட்டைதான், சம்பளம் கிடையாது. ஒரு மே மாதம் நெடுஞ்சாலை ஓரம் சாரத்தில் உட்கார்ந்து சிமெண்ட் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிள் நின்றது. எட்டாம் வகுப்புப் பையன். “சார், அந்த மூட்டைக்கு நிழல் விடலையே, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?” நிழல் வைத்தால் சதுர அடிக்கு எனக்குக் கட்டுபடியாகாது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வைத்தேன்.

தனியார் டீச்சர்
கோபித்துக்கொள்ள வேண்டாம். மெட்ரிக் பள்ளியில் எங்கள் சம்பளத்தைக் கேட்டால் நீங்கள் இங்கே புலம்பவே மாட்டீர்கள். நிரந்தர வேலையில் பாடம் நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் இன்கிரிமென்ட் வந்துவிடுகிறது. தேர்ச்சியைப் பார்த்துச் சம்பளம் போட்டால்தான் சரிவரும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு
மேலே உள்ள சகோதரிக்கு: தேர்ச்சியைப் பார்த்துச் சம்பளம் இல்லாமல் இருக்கலாம், ஷீல்டும் மெமோவும் உண்டு. நூறு சதவீதம் என்றால் மேடை, குறைந்தால் விளக்கக் கடிதம். என் வகுப்பில் ஒருவன், அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு ஜனவரியில் வந்தான். “டி.சி. கொடுத்துட்டு தனித்தேர்வரா எழுதச் சொல்லலாமே” என்று எனக்கு மேலே உள்ளவர் ஒருவர் சொன்னார். நான் அனுப்பவில்லை. பையன் வாங்கியது 31. மீளாய்வுக் கூட்டத்தில் திரையில் என் பாடத்துக்கு மட்டும் சிவப்புக் கட்டம், எழுந்து நிற்கச் சொன்னார்கள். துணைத்தேர்வில் அவன் பாஸ். அதை யாரும் எந்தத் திரையிலும் போடவில்லை. இதில் பணத்தையும் கட்டிவிட்டால் எத்தனை டி.சி. கிழியும் என்று யோசியுங்கள்.

ஓய்வு பெற்றவன்
கணக்கு சாருக்கு ஒரு பதில். அளவுகோலை மாற்றினால் கதையும் மாறும். ஆந்திரக் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005இல் தொடங்கிய சோதனையைப் படித்துப் பாருங்கள். அங்கே தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கவில்லை. பிள்ளை ஆண்டுத் தொடக்கத்தில் எங்கே இருந்தது, கடைசியில் எவ்வளவு ஏறியது, அந்தச் சராசரி ஏற்றத்துக்குத்தான் ஊக்கத்தொகை. சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான் அந்தப் பணம். முதல் தேர்வு எழுதிய பிள்ளை இறுதித் தேர்வுக்கு வராவிட்டால் ஆசிரியருக்கே நஷ்டம், ஆகவே டி.சி. வித்தை பலிக்காது. பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்கள் வராமல் இருப்பது குறையவில்லை. வந்தவர்கள்தான் கூடுதல் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். உங்கள் சூளைப் பையன் 5இலிருந்து 31க்கு வந்திருந்தால் அந்தக் கணக்கில் நீங்கள்தான் முதல் ஆள்.

அப்புறம், இளையவர்கள் எல்லோரும் பணிப் பதிவேட்டை வருடம் ஒரு முறையாவது நேரில் பாருங்கள். உயர்கல்வி படிக்க முன் அனுமதி வாங்குங்கள். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்கள் ஓய்வூதியப் பங்களிப்புக் கணக்குத் தாளைப் பத்திரமாக வையுங்கள். எனக்குச் சம்பவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தேன், அவ்வளவுதான்.

தமிழ் பட்டதாரி
ஐயா, முன் அனுமதி வாங்கித்தான் எம்.எட். முடித்தேன். ஊக்க ஊதியம், அதாவது இரண்டு இன்கிரிமென்ட், வரும் என்று நகையை வைத்துக் கட்டணம் கட்டினேன். அந்த ஊக்க ஊதியத்தையே நிறுத்தி 10.3.2020 அரசாணை வந்தது. அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்த எழுத்தர், பின்னைக் கழற்றித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டுதான் தாள்களைக் கொடுத்தார். அந்தப் பின் சத்தம் இன்னும் கேட்கிறது. அரசாணை தேதிக்கு முன்பே தேர்வு முடிந்து, சான்றிதழ் மட்டும் பின்னால் வந்தவர்கள் யாராவது வழக்குப் போட்டு வாங்கியிருக்கிறீர்களா? விவரம் இருந்தால் போடுங்கள்.

தனியார் டீச்சர்
எம்.எட். படித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கூடுதலாக வந்துவிடும் என்று நான் கேட்டால் சண்டைக்கு வருவீர்கள். தூரிகை சார் மட்டும் மே மாதச் சம்பளத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அது நியாயம்.