டயல்ல எழுத்து ரெண்டா விழுந்த ஒமேகா வாட்ச், வெல கூடுமா?

தக்கலைக்காரன்:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். மாமா குவைத்துல இருந்தப்போ வாங்குன ஒமேகா சீமாஸ்டர், எழுபதுகள்ல உள்ளது, இப்போ எங்கிட்ட இருக்கு. டயல்ல 'ஆட்டோமேட்டிக்'ங்கற எழுத்து மட்டும் ரெண்டு தடவ விழுந்து நெழல் தட்டுன மாதிரி நிக்கு, மத்ததெல்லாம் சுத்தம். ஆறு மணிக்கு கீழ 'டி ஸ்விஸ் மேட் டி'ன்னு பொடி எழுத்து. மணிமேடை பக்கம் ஒரு கடையில காட்டுனா டயல புதுசா அடிச்சு தாறேன், பளபளன்னு ஆயிரும்ங்காரு, கூட்டுக்காரன் ஒருத்தன் என்னன்னா எரர் பீஸ் மக்கா, ஃபேக்டரிலயே தப்பா வந்தது, லச்சக்கணக்குல போவும்ங்கான். யாரு சொல்லுகது செரி?

குழித்துறை வாட்ச்:
மொதல்ல டயல்ல யாரையும் கை வைக்க விடாதீங்க, பெயிண்ட் அடிச்சா உள்ள வெலயும் போச்சு. உங்க கூட்டுக்காரரு ரோலெக்ஸ் கதய கேட்டுட்டு சொல்லுகாருன்னு நெனைக்கேன். ரோலெக்ஸ்ல டேடோனா 16520ங்கற மாடல்ல 1990கள் நடுவுல வந்த கருப்பு டயல் கொஞ்சத்துல, மூணு சின்ன வட்டத்த சுத்தி உள்ள வெள்ளி வளையம் போகப்போக பிரவுன் ஆயிட்டு, மேல பூசுன ஸாபோன் வார்னிஷ் வெள்ளிய காக்கல, அவ்வளவுதான் விசயம். ஏலக்காரர் ஓஸ்வால்டோ பட்ரிசி அத கண்டு சொன்னதால பட்ரிசி டயல்னே பேராச்சு, இப்போ சாதா பீஸவிட அதுக்குதான் கிராக்கி. 1980கள்ல வந்த இன்னொரு ரோலெக்ஸ் மாடல் எக்ஸ்ப்ளோரர் டூ 16550லயும் வெள்ள பெயிண்ட் கோளாறு, க்ரீம் நெறமா மாறுனதுக்கு வெல கூட. ஆனா ரெண்டுமே ஒரே கோளாறு நெறய பீஸ்ல வந்தது, எந்த மாடல், எந்த காலம்னு சேக்குகவனுக்கெல்லாம் தெரியும். ஒத்த வாட்ச்ல மட்டும் எழுத்து பெசகியிருந்தா வாங்க வாறவன் வாய தொறந்த ஒடனே கேக்குகது "ரீடயலா?"ன்னுதான், அதாவது டயல பெறவு யாராச்சும் புதுசா அடிச்சதான்னு.

கொளச்சல் கடல்காத்து:
அத நாமளே பாக்கலாம். ஃபேக்டரில சிலிக்கான் பேட்ல மைய எடுத்து டயல்ல ஒத்துவாங்க, ரெண்டு ஒத்து விழுந்துதுன்னா அந்த வார்த்தையில உள்ள எல்லா எழுத்துலயும் நெழல் ஒரே பக்கம் ஒரே அளவு நவுந்து நிக்கும். கைல அடிச்ச ரீடயல்னா எழுத்து தடிச்சு ஓரம் பிசிறா கெடக்கும். அந்த 'டி' டிரிட்டியம், இருட்டுல எரிய பூசுக கதிரியக்க சாமான், 12 வருசத்துக்கு மேல கொஞ்சத்துல பாதி செத்துரும், எழுபதுகள்ல பூசுனது இப்போ இருட்டுல தானா எரியாது. டார்ச் அடிச்சு வச்சா விடிய விடிய பச்சையா நின்னு எரியுதா, யாரோ புதுசா பூசியிருக்கான்.

தக்கலைக்காரன்:
மொபைல்ல மேக்ரோ எடுத்து பாத்தேன், நெழல் வலப்பக்கம் கொஞ்சம் மேலாப்ல, எல்லா எழுத்துலயும் ஒண்ணு போல. லைட் அடிச்சா மங்கலா மின்னிட்டு ஒடனே அணஞ்சிருது.

குழித்துறை வாட்ச்:
அப்போ ஒரிஜினல் டயலாதான் தோணுது. இருந்தாலும் சாதா சீமாஸ்டர் வெலதான், இந்த கிறுக்கு உள்ளவன் யாராச்சும் ஆம்புட்டா கொஞ்சம் மேல தருவான், லச்சமெல்லாம் கனவு. சர்வீசுக்கு குடுத்தா டயலும் முள்ளும் மாத்தக்கூடாதுன்னு பில்லுலயே எழுத சொல்லுங்க, பழச கழட்டி புதுசு போட்டு தந்தா நெழலும் போச்சு வாட்சும் போச்சு.

வடசேரி மக்கா:
எங்க அப்பாக்க எச்எம்டில ரோமன் நாலுக்கு நாலு கோடு போட்டிருக்கு, அதுவும் எரரா?

கொளச்சல் கடல்காத்து:
இல்ல மக்கா, வாட்ச்ல அதுதான் பழய வழக்கம். லண்டன் பிக் பென்லதான் அஞ்சுக்கு முன்னால ஒரு கோடு.