டர்போ காரின் எக்ஸாஸ்டை மாற்ற வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். இன்ஜினையோ டர்போவையோ நான் இதுவரை தொட்டதில்லை. எக்ஸாஸ்டை மட்டும் மேம்படுத்தலாம் என்று விசாரித்தபோது, பின்பக்கச் சைலன்சரை மாற்றினாலே போதும் என்கிறார் ஒருவர். டர்போவிலிருந்து கடைசி முனை வரை 3 அங்குலக் குழாய் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். பேக் பிரஷர் (வெளியேறும் புகையை எதிர்க்கும் அழுத்தம்) குறைந்தால் கீழ் ஆர்.பி.எம்மில் இழுவை போய்விடும் என்று எச்சரிக்கிறார் மூன்றாமவர். இவற்றில் எதை நம்புவது? தினமும் ஓட்டும் வண்டி என்பதால் காதைத் துளைக்கும் சத்தம் எனக்கு வேண்டாம்.

முதல் மறுமொழி

மூன்றாமவரின் எச்சரிக்கை டர்போ இல்லாத இன்ஜின்களின் அனுபவத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் புகை, அடுத்து வரும் புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் அந்தப் பாய்ச்சல் தளர்ந்து இழுவை குறைகிறது. அங்கும் இழக்கப்படுவது புகையின் வேகமே தவிர, எதிர் அழுத்தம் அல்ல.

டர்போ வண்டியில் கணக்கு வேறு. டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைச் சுழற்றுவது புகையின் வெப்பமும், டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதமும்தான். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து முன்னால் 2.4 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொண்டால் விகிதம் ஏறத்தாழ 1.85. பின்னால் உள்ளதை 1.1 பாருக்கு இறக்கிவிட்டால் அதுவே 2.18 ஆகிவிடுகிறது. எனவே பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) சற்று முன்னதாகவே ஏறும், கீழ் ஆர்.பி.எம்மில் இழுவை கூடுமே ஒழியக் குறையாது.

டர்பைனுக்குப் பின்னால் புகையைத் தடுக்கும் தடை பெரும்பாலும் டர்போவை ஒட்டி வரும் முதல் குழாயான டவுன்பைப்பிலும் அதற்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும்தான் (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) இருக்கும். டர்பைனிலிருந்து சுழன்று வரும் புகையும் வேஸ்ட்கேட்டிலிருந்து (மிகுதிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) பக்கவாட்டில் வரும் புகையும் அந்தச் சிறிய வாயில்தான் மோதிக்கொள்கின்றன. இரண்டரை அங்குலத்துக்குப் பதில் 3 அங்குலம் என்பது கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் மாறும்.

ஆயினும் எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் குழாயில் ஒரு மரை வளையத்தை வெல்டிங் செய்து, வெப்பம் தாக்காதபடி நீண்ட இரும்புக் குழாய் வழியாக அழுத்தமானியை இணைத்து, முழு ஆக்சிலரேட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் அதையே செய்யுங்கள். எந்தப் பகுதி அடைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் டவுன்பைப்பை மாற்றுகிறவர் வேறு சிலவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். பின்வழி தாராளமானதும் டர்பைன் எளிதாகச் சுழல்கிறது. வேஸ்ட்கேட் முழுவதும் திறந்தும் போதுமான புகையைத் திருப்பிவிட முடியாவிட்டால், உயர் ஆர்.பி.எம்மில் பூஸ்ட் தானாகவே இலக்கைத் தாண்டி ஏறும். உடனே இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எரிபொருளை நிறுத்தும்; யாரோ வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். ஆகவே பூஸ்டைப் பதிவு செய்து பார்க்காமல் முழு வேகத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று, இன்றைய இசியுக்கள் பூஸ்டைக் குறித்த இலக்கில் பிடித்து வைப்பதால், ட்யூனிங் செய்யாத (இசியுவின் அமைப்புகளை மாற்றாத) வரையில் உச்சத் திறனில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

கன்வெர்ட்டரை எடுத்துவிடுமாறு யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதைவிட, உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்த நச்சுப் புகையைச் சுவாசிக்கிறார். சதுர அங்குலத்துக்கு 400 கண்ணறைகள் உள்ளதற்குப் பதிலாக 200 கண்ணறைகள் கொண்ட தரமான கன்வெர்ட்டரைப் போட்டாலே தடை வெகுவாகக் குறையும். மலிவானதை வாங்கினால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்படும் பி0420 என்ற பிழையைக் காட்டும் வாய்ப்பு அதிகம். அதுவும் உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் பொருள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்கிறேன். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று ஒலி வரும். இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கரி படிந்திருந்ததை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்த காற்றை கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று எடுத்துக்கொண்டதால், இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு மெக்கானிக்கின் உதவியோடு அளந்துவிட்டேன். முழு ஆக்சிலரேட்டரில் கன்வெர்ட்டருக்கு முன்னால் 4.5 பி.எஸ்.ஐ., பின்னால் 1 பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடலாமா? டவுன்பைப்பை மட்டும் மாற்றினால் சத்தம் எப்படி இருக்கும்?

மூன்றாம் மறுமொழி

விட்டுவிடுங்கள். உங்கள் அளவின்படி தடையின் பெரும்பகுதி கன்வெர்ட்டரில்தான் இருக்கிறது. பழைய சைலன்சரும் ரெசனேட்டரும் (குறிப்பிட்ட ரீங்காரத்தை அடக்கும் பகுதி) இருக்கும் வரை சத்தம் சற்றே கனமாகும், அவ்வளவுதான்.

பிற்காலத்தில் பின்பக்கத்தை மாற்றினால் ரெசனேட்டரைத் தவிர்க்க வேண்டாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்மில் வினாடிக்கு 100 முறை எரிகிறது. நெடுஞ்சாலையில் காருக்குள் தலையை அழுத்துவதுபோல் கேட்கும் ரீங்காரம் பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணை ஒட்டியதுதான். முனை அடைத்த ஒரு பக்கக் குழாயைச் சேர்த்து அதை அடக்கலாம் என்றாலும், சூடான புகையில் அதற்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம் தேவைப்படும். காருக்கு அடியில் அவ்வளவு இடம் கிடைப்பது கடினம்.

டவுன்பைப் வாங்கும்போது வளைவுகளில் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் 3 அங்குலம் என்பது பெயருக்குத்தான். இன்ஜின் ஆடும்போது வெல்டிங் விரிசல் விடாமலிருக்க, வளைந்து கொடுக்கும் இணைப்பு ஒன்று இருப்பது கட்டாயம். கேஸ்கட்டுகளையும் நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.